முட்டி வலிக்கிறது, நடக்கலாமா?



தலைப்பில் இருக்கும் கேள்வியை உங்கள் கடிதங்களிலிருந்துதான் எடுத்தோம். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. எழுதுகிறவர்களில் பாதிக்கு மேல் ஐம்பதைக் கடந்த பெண்கள். வயலில் நாற்று நட்டவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பழவேற்காட்டிலிருந்து மீன் கூடை சுமந்தவர்கள். சிப்காட்டில் இருபது, இருபத்தைந்து வருஷம் சிமெண்ட் தரையில் நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆண்களும் எழுதுகிறார்கள். நடந்தது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முட்டி வலி என்று போனார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், தேய்மானம் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் சொன்னார்கள்: “இனிமே ரொம்ப நடக்காதம்மா. உனக்கு என்ன வேணுமோ நாங்க வாங்கிட்டு வர்றோம்.”

பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பாசம்தான் பல அம்மாக்களை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறது.

கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடக்கலாம். நடக்கவும் வேண்டும். அதற்குத் தொடையைத் தயார் செய்ய வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எப்படி என்று கற்றுக்கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

முட்டிக்குள் இரண்டு எலும்புகளின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. முட்டிக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது தளர்ந்து, அந்த அசைவில்தான் திரவம் உள்ளே போய் வருகிறது. வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்தால் குருத்தெலும்பின் சாப்பாட்டையே நிறுத்துகிறோம். கூடவே, முட்டியில் வலியும் வீக்கமும் இருக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை தானாகவே சுணங்கிப் போகிறது. ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு விழும் அதிர்வைத் தாங்குவது அந்தத் தசைதான். தசை இளைத்தால் பாரமெல்லாம் மூட்டு மேல் இறங்குகிறது, வலி கூடுகிறது, நடை குறைகிறது, எடை ஏறுகிறது. எடை ஏறினால் மறுபடி வலி. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் நடை எங்கே போனது என்று தெரியாமல் போவது இந்தச் சுழலில்தான்.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு நன்றாக நடப்பவர்கள் உண்டு. படம் சுமாராக இருந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. படம் காட்டுவது எலும்பைத்தான். தொடையின் வலு அதில் தெரியாது. அந்த வலுவை எழுபது வயதிலும் கூட்ட முடியும்.

இது நம் ஊர்ப் பக்கத்துக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. பெங்களூரு, புனே, கொல்கத்தா, ஆக்ரா, டேராடூன் வட்டாரங்களில் நாற்பதைத் தாண்டியவர்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 28.7 பேருக்கு முட்டித் தேய்மானம் இருந்தது. ஒரு தெருவில் எத்தனை வீடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடந்தால் முட்டி இன்னும் தேய்ந்துவிடாதா என்ற பயத்துக்குப் பதில் சொல்லும் ஆராய்ச்சிகள் முப்பது வருஷத்துக்கு மேலாகவே இருக்கின்றன. 1992-இல் நியூயார்க்கில் முட்டித் தேய்மானம் உள்ள 102 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு எட்டு வாரம், மேற்பார்வையில் நடைப் பயிற்சி. முடிவில், ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். பயிற்சி எடுத்தவர்கள் முன்பைவிட 70 மீட்டர் அதிகம் நடந்தார்கள். வலியும் கூடவில்லை, குறைந்தது. 1997-இல் அமெரிக்காவிலேயே அறுபதைத் தாண்டிய 439 பேரை வைத்துப் பதினெட்டு மாதம் நடத்திய பெரிய ஆய்வில், நடைப் பயிற்சி செய்தவர்களும் எடை தூக்கித் தசைப் பயிற்சி செய்தவர்களும், வெறும் ஆலோசனை மட்டும் கேட்டவர்களைவிடக் குறைந்த வலியோடு அதிக தூரம் நடந்தார்கள்.

இதில் மிகைப்படுத்தி எதையும் சொல்ல விரும்பவில்லை. 2024-இல் காக்ரேன் அமைப்பு 139 ஆய்வுகளை, பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வலியை நூறு புள்ளிக்கு அளந்தால், ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களைவிட உடற்பயிற்சி செய்தவர்களுக்கு சுமார் 13 புள்ளி குறைகிறது. போலிச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 9 புள்ளிதான். மாயமாக வலி மறையாது. ஆனால் குளியலறைக்குப் பிடித்துக்கொண்டு போகிறவர் ரேஷன் கடை வரை தனியாகப் போய்வர அந்த வித்தியாசம் போதும். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்காமல் அதைத் தரும் மருந்து வேறு நமக்குத் தெரியாது. வலி மாத்திரையை மாதக் கணக்கில் கடையிலேயே வாங்கிப் போடுகிறவர்கள், தயவுசெய்து அடுத்த முறை டாக்டரிடம் சிறுநீரகப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளைத் தொடவே தொடாதீர்கள். முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு. தொடைக்கு வேலை கொடுப்பதை மட்டும் அவற்றின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள்.

இனி பயிற்சிக்கு வருவோம். இதைப் படித்துவிட்டு நேராக ஆரம்பிப்பதைவிட ஒரு முறை பிசியோவிடம், அதாவது இயன்முறை சிகிச்சையாளரிடம், காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. இருந்தாலும் வீட்டில் செய்து பார்க்க என்னவெல்லாம் உண்டு என்று தெரிந்திருக்கட்டும்.

பாயிலோ கட்டிலிலோ காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே அழுத்துங்கள். சரியாகச் செய்தால் முட்டிச் சில்லு மெல்ல மேல்நோக்கி, தொடைப் பக்கம் ஏறுவது கண்ணுக்கே தெரியும். கையைத் தொடை மேல் வைத்துப் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து முறை, பிறகு அடுத்த கால். வலியுள்ள கால் இறுகுவதற்கு முதல் சில நாள் அடம் பிடிக்கும். சுணங்கிப் போன தசை விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது, பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது நாற்காலி. எங்களைக் கேட்டால் ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்கிறவர் இதைச் செய்யட்டும். பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்தால் வழுக்காமல் சுவரில் முட்டக் கொடுத்துப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, முன்னே சாய்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். முட்டிகள் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாயக் கூடாது, கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும். பிறகு உட்கார வேண்டும். இங்கேதான் எல்லோரும் தொப்பென்று விழுவார்கள். மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்கினால்தான் தொடைக்கு வேலை, பயிற்சியில் பாதி அந்த இறக்கத்தில் இருக்கிறது. எழ முடியவில்லை என்றால் இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எளிதான பிறகு ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள். மாமியார் இப்படி எழுந்து உட்காரும்போது மருமகள் பக்கத்தில் நின்று எண்ணிக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு, சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குங்கள். வாசல்படியில் ஒரே ஒரு படி ஏறி இறங்குவது அதற்கு அடுத்த கட்டம். இவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யலாம். நடையை மட்டும் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம்தான் முடிகிறது என்றால் ஐந்து நிமிஷம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாரத்துக்கு வாரம் ஓரிரு நிமிஷம் கூட்டுங்கள். எதிர்க்காற்றில் லாரிகள் பறக்கும் ஜி.என்.டி. சாலை ஓரம் வேண்டாம். பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ போதும்.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் நிறுத்த வேண்டுமா? பத்துக்கு நான்கு, ஐந்து என்ற அளவுக்குள் வலி இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ வீங்கினாலோ அளவைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, கால் மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ அது வேறு விஷயம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எடையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் அளந்து சொன்னது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது.

இப்போது நம் ரயில் நிலையங்களின் படிக்கட்டுக்கு வருகிறோம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் மின்சார ரயிலில் தினம் போய்வருகிறவர்களுக்குப் படி என்றாலே முகம் சுருங்குவது தெரியும். செயற்கை மூட்டுக்குள் அளக்கும் கருவியை வைத்து ஜெர்மனியில் பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டி மேல் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம். படி ஏறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது என்று நீங்கள் எழுதுவது முழுக்க உண்மை. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்குங்கள். கைப்பிடியை விடாதீர்கள். ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் வலிக்கும் முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலது முட்டி என்றால் இடது கையில். இது பலருக்குத் தெரியவில்லை. நடைமேம்பாலத்தில் ஏற முடியாமல் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஒரு ஊரில் முட்டி வலி எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் குறுக்குப் பாதையிலேயே தெரிந்துவிடும். சாய்தளமும் லிப்டும் கேட்பது ஆடம்பரம் இல்லை, உயிர் காக்கும் கோரிக்கை.

டென்மார்க்கில் 2013-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நோயைப் பற்றிப் புரியவைக்க இரண்டு வகுப்பு, பிறகு வாரம் இரண்டு தடவை வீதம் ஆறு வாரம், பிசியோ கூடவே இருக்க 12 பயிற்சி வகுப்பு. சேரும்போதும் முடித்த பிறகும் நாற்பது மீட்டர் நடக்க எத்தனை நொடி ஆகிறது, முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று அளக்கிறார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கனடா, ஆஸ்திரேலியா, சீனா வரை அது பரவியிருக்கிறது. அதில் எங்களுக்குப் பிடித்தது, ஆட்களைக் குழுவாக உட்கார வைப்பது. தனியாகச் செய்யும் பயிற்சியைப் பத்தாம் நாள் விட்டுவிடுவோம், பக்கத்து வீட்டு அக்கா வந்து கூப்பிட்டால் விடமாட்டோம்.

நமக்கு அப்படி ஒன்று வருமா என்று கேட்டால், பாதி வழி வந்தாயிற்று என்போம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ உங்களுக்குத் தெரியும். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதே திட்டத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பிசியோ இருக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர் வேலை. 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. உங்கள் தெருவுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ “முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க பிசியோ வேணும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர் பெயர் பட்டியலில் ஏறாது.

ஆனால் எல்லாபுரமோ மீஞ்சூரோ கும்மிடிப்பூண்டியோ, ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊராட்சிகள், எத்தனை குக்கிராமங்கள்! பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களைப் பார்த்து முடிக்கவே அந்த ஒருவருக்கு நாள் போதாது. முட்டி வலிக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வாரம் இரண்டு தடவை வர அவரால் முடியாது. அதனால்தான் சொல்கிறோம், வீட்டுக்கு வர முடியாத இடத்தில் ஊருக்கு வரட்டும். சுய உதவிக் குழுக்கள் கூடும் கட்டடங்கள் இருக்கின்றன, நாற்காலிகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் பிசியோ வந்து பதினைந்து பேருக்கு ஒன்றாகக் கற்றுக்கொடுத்தால், இன்னொரு நாள் தன்னார்வலர் முன்நின்று செய்யவைக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை. கிராம சபையில் எழுந்து நின்று கேட்க வேண்டிய விஷயம் இது.

தொழிற்சாலைகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குந்தியும் முழந்தாளிட்டும் பாரம் தூக்கியும் வருஷக் கணக்கில் செய்யும் வேலை முட்டித் தேய்மானத்தைக் கூட்டும் என்பது பல நாடுகளில் நிரூபணமானது. ஜெர்மனி 2009-இல் அதைத் தொழில்சார் நோயாகவே சேர்த்துக்கொண்டது. வாழ்நாளில் 13,000 மணி நேரம் முழந்தாளிட்டோ அதற்கு ஒப்பான நிலையிலோ வேலை பார்த்தவருக்கு அங்கே உரிமை உண்டு. நம் நாட்டில் நின்றே வேலை பார்க்கிறவர் கிடைக்கும் இடைவேளையில் உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது. ரோலிங் மில்லிலும் பேக்கிங் பிரிவிலும் ஒரு ஸ்டூல் போடுவதும், ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து தொடைப் பயிற்சி செய்வதும் உற்பத்தியைக் குறைத்துவிடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைக்கும் பிள்ளைகளுக்கும் முட்டிகள் இரண்டுதான்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதை எட்டியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் அல்லது கணவருக்கும் மருத்துவ வசதி தொடரும். வேலையோடு எல்லாம் போயிற்று என்று நினைத்து மருந்துக்கு ஆயிரக் கணக்கில் செலவழிக்கிறவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொள்ளலாமா, ஆபரேஷன் செய்யலாமா என்ற கேள்விகளுக்கும் சுருக்கமாக. ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோ சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2020-இல் வந்தது. 156 பேர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பிசியோவிடம் போனவர்களுக்கே வலியும் முடக்கமும் குறைவு. மூட்டு மாற்று ஆபரேஷன் நல்ல சிகிச்சை, உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் பயந்து தள்ளிப்போட வேண்டாம். 2015-இல் டென்மார்க்கில், ஆபரேஷனுக்குத் தகுதியான 100 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷனும் பயிற்சியும், மீதிப் பேருக்குப் பயிற்சி முதலான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு முன்னேற்றம் அதிகம், கடுமையான பக்க விளைவுகளும் அதிகம். பயிற்சி மட்டும் எடுத்த 50 பேரில் அந்த வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 13 பேர். ஆபரேஷன் என்று முடிவானாலும் முன்பும் பின்பும் தொடைப் பயிற்சி உண்டு. ஆகவே எந்த வழியில் போவதாக இருந்தாலும் இன்றைக்கே தொடங்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த மாதக் கடிதத்தில் உங்கள் ஊர், வட்டாரம், வீட்டில் முட்டி வலியால் நடை குறைந்தவர் எத்தனை பேர், பிசியோ வந்து பார்த்தாரா, எத்தனை முறை வந்தார் என்று எழுதுங்கள். பெயர் எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம். வட்டார வாரியாகத் தொகுத்து மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குக் கொடுக்கிறோம், வரும் பதிலை இதே பக்கத்தில் அச்சிடுகிறோம். நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கியவர்கள், முதல் நாள் முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்து, இரண்டு எண்ணையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்